பசிப்பிணி தீர்த்த பெருந்தலைவர்

நுழையும்முன்

நண்பகல் மணி ஒலித்ததும் பள்ளியில் உணவுக்கலன்கள் திறக்கப்படுகின்றன. ஒன்றில் தயிர்ச்சோறு இருக்கும்; ஒன்றில் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் இருக்கும்; மற்றொன்றில் இட்டலியும் மிளகாய்ப்பொடியும் இருக்கும். விடியற்காலையில் எழுந்து அவ்வுணவைக் கட்டித் தந்த கைகளை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. கட்டித் தருவதற்கு வீட்டில் ஒரு பிடிச் சோறும் இல்லாத குழந்தைகள் இலட்சக்கணக்கில் இருந்த காலம் ஒன்று உண்டு. அக்குழந்தைகள் பள்ளிக்கு வந்தால் நண்பகலில் பட்டினி கிடக்க வேண்டும். வராமல் ஆடு மாடு மேய்த்தால் ஒருவேளைக் கூழாவது கிடைக்கும். அந்த நிலையை மாற்ற முனைந்த ஒருவரின் வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

பிறப்பும் இளமையும்

தமிழ்நாட்டின் தென்பகுதியில் உள்ள விருதுநகர், முற்காலத்தில் விருதுபட்டி என்று அழைக்கப்பட்டது. வானம் பார்த்த பூமி சூழ்ந்த வணிக ஊர் அது. அவ்வூரில் குமாரசாமி, சிவகாமி அம்மையார் ஆகியோரின் மகனாகக் காமராசர் 1903ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் பிறந்தார். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று முதலில் பெயரிட்டனர். அன்னையோ அவரை ராசா என்று செல்லமாக அழைத்தார். இரு பெயர்களும் இணைந்து காமராசர் என்னும் பெயர் நிலைத்தது. அவருக்கு நாகம்மாள் என்னும் தங்கை ஒருவர் இருந்தார்.

காமராசருக்கு ஆறு வயதளவில் தந்தையார் மறைந்தார். சிவகாமி அம்மையார் தம் நகைகளை விற்று, கிடைத்த பணத்தை உள்ளூர் வணிகர் ஒருவரிடம் கொடுத்து வைத்தார். அதற்குத் திங்கள்தோறும் கிடைத்த சிறு வட்டியைக் கொண்டே குடும்பம் நடந்தது. ஒரு வீட்டில் உலை கொதிப்பதற்கு ஒரு தாய் எத்தனை இழக்க வேண்டியிருக்கிறது என்பதைக் காமராசர் இளமையிலேயே கண்டார்.

பிடி அரிசிப் பள்ளி

காமராசர் முதலில் ஏனாதி நாராயண வித்தியாசாலையிலும், பின்னர்ச் சத்திரிய வித்தியாசாலாவிலும் பயின்றார். சத்திரிய வித்தியாசாலா மாணவர்களிடம் கட்டணம் பெறாமல் கல்வி அளித்தது. அதற்கு ஊர் மக்கள் துணை நின்றனர். வீட்டில் உலை வைக்கும்போது இல்லத்தரசியர் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பர். அவ்வாறு வீடுவீடாகச் சேர்ந்த அரிசி பள்ளியின் செலவுக்குப் பயன்பட்டது. அதனால் அதனைப் பிடி அரிசிப் பள்ளி என்றும் மக்கள் வழங்கினர். ஒரு பிடி அரிசி பசியை மட்டுமன்றி அறியாமையையும் போக்கும் என்பதற்கு அப்பள்ளியே சான்றாக விளங்கியது.

அப்பள்ளியில் அவர் பயின்றபோது நிகழ்ந்ததாக ஒரு செய்தி அவர் வரலாற்றில் கூறப்படுகிறது. விநாயகர் சதுர்த்தி விழாவன்று பள்ளியில் மாணவர்களுக்குச் சுண்டலும் பொரியும் பழமும் வழங்கினர். பிள்ளைகள் ஒருவரையொருவர் நெருக்கித் தள்ளி, இயன்ற அளவு வாங்கிச் சென்றனர். சிறுவன் காமராசன் முண்டியடிக்காமல் ஒதுங்கி நின்றான். இறுதியில் அவனுக்குக் கிடைத்தது மிகச் சிறிதளவே. வீட்டுக்கு வந்தபோது, ஏன் இவ்வளவு குறைவாக வாங்கி வந்தாய் என்று பாட்டி வினவினார். எல்லாரிடமும் ஒரே அளவு காசு வாங்கியவர்கள் எல்லாருக்கும் ஒரே அளவு கொடுக்க வேண்டாமா, வலியவர்கள் இடித்துக்கொண்டு வாங்குவது எப்படி முறையாகும் என்று அவன் திருப்பிக் கேட்டானாம். உணவு பங்கிடப்படும் இடத்தில் நீதியும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சிறுவனிடம் இருந்ததை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

குடும்பச் சூழல் காரணமாக ஆறாம் வகுப்போடு அவரது பள்ளிப் படிப்பு நின்றது. அவர் மாமனின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

விடுதலைப் போரில்

1919ஆம் ஆண்டில் சாலியன்வாலாபாக்கில் நிகழ்ந்த படுகொலை இளைஞர் காமராசரின் உள்ளத்தை உலுக்கியது. அவர் காங்கிரசுப் பேரியக்கத்தில் இணைந்தார். 1930ஆம் ஆண்டு வேதாரணியத்தில் நடந்த உப்புச் சத்தியாகிரகத்தில் பங்கேற்று அலிப்பூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அதன் பின்னரும் பலமுறை சிறை சென்றார். அவர் சிறையில் கழித்த காலம் ஏறத்தாழ 9 ஆண்டுகள். பள்ளியில் இழந்த படிப்பைச் சிறையில் நூல்களின் வழியாகவும் நாளிதழ்களின் வழியாகவும் ஈடுசெய்தார். தீரர் சத்தியமூர்த்தியை அரசியல் வழிகாட்டியாகக் கொண்ட அவர், 1940ஆம் ஆண்டில் தமிழ்நாடு காங்கிரசுக் குழுவின் தலைவரானார். ஊர் ஊராகச் சென்று உழைத்ததால், தமிழ்நாட்டின் சிற்றூர்களையும் அங்குள்ள மக்களின் வறுமையையும் அவர் நேரில் அறிந்திருந்தார்.

முதலமைச்சர் முன்னிருந்த வினா

1954ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆம் நாள் காமராசர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். அவரையும் சேர்த்து எட்டுப் பேரே அமைச்சரவையில் இருந்தனர். பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளிகளைத் திறப்பது அவ்வரசின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று. பள்ளிக் கட்டடம் எழுந்தது, ஆசிரியரும் வந்தார். ஆயினும் ஏழைக் குழந்தைகளின் வருகை எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை. காரணம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை.

இது தொடர்பாக ஒரு நிகழ்ச்சி தமிழ்நாட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. சுற்றுப்பயணத்தின்போது தொடர்வண்டிக் கடவு ஒன்றில் காமராசரின் மகிழுந்து நின்றது. அருகே மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனை அழைத்து, பள்ளிக்கூடம் போகவில்லையா என்று அவர் கேட்டார். பள்ளிக்குப் போனால் சோறு யார் போடுவார் என்று அச்சிறுவன் தயங்காமல் கேட்டான். சோறு போட்டால் படிப்பாயா என்று அவர் மீண்டும் கேட்டதற்கு, படிப்பேன் என்று அவன் தலையசைத்தான். கதை எவ்வாறாயினும், அச்சிறுவனின் வினா அந்நாளைய ஏழைக் குழந்தைகள் அனைவரின் வினாவாகும்.

பசியைப் பிணி என்றே தமிழர் கூறினர். மணிமேகலை அமுதசுரபியை ஏந்திப் பசித்தோர்க்கு உணவளித்த செய்தியைத் தமிழ்க் காப்பியம் பேசுகிறது. பள்ளியில் உணவளிக்கும் முயற்சியும் தமிழ்நாட்டுக்கு முற்றிலும் புதிதன்று. பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, 1920ஆம் ஆண்டில் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவிடலாம் என்பது அதன் வரையறை. வேறு சில பள்ளிகளுக்கும் விரிந்த அம்முயற்சி 1925ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. ஒரு நகரத்தில் சில பள்ளிகளில் நின்றுபோன செயலை, ஒரு மாநிலம் முழுவதும் எவ்வாறு நடத்துவது? இதுவே காமராசர் முன்னிருந்த வினா.

ஊர் கூடி ஏற்றிய அடுப்பு

அப்போது பொதுக்கல்வி இயக்குநராக விளங்கியவர் நெ. து. சுந்தரவடிவேலு. முதலமைச்சரும் இயக்குநரும் இப்பொருள் பற்றி ஆழ்ந்து எண்ணினர். அரசின் கருவூலத்தில் பணம் குறைவு. இத்திட்டத்தைத் தொடங்கினால் ஆண்டுதோறும் செலவு பெருகும். நடுவில் நிறுத்தவும் இயலாது என்று தயங்கியோர் அரசுக்குள்ளேயே இருந்தனர். அவர்களது அச்சம் பொருளற்றதன்று. எனினும், பணம் சேரும் வரை காத்திருந்தால், அதற்குள் ஒரு தலைமுறைக் குழந்தைகள் படிக்காமலேயே வளர்ந்துவிடுவார்கள் என்பதைக் காமராசர் உணர்ந்திருந்தார்.

எனவே அவர் மக்களிடம் சென்றார். ஊர் மக்கள் முன்வந்து பள்ளிக் குழந்தைகளுக்கு ஒருவேளை உணவு அளிக்க வேண்டும் என்று கூட்டங்களில் வேண்டினார். ஊர்களில் குழுக்கள் அமைந்தன. நிலமுடையோர் நெல் தந்தனர்; வணிகர் பருப்பும் புளியும் தந்தனர்; தோட்டக்காரர் காய்கறி தந்தனர். பாத்திரம் தந்தவரும் உண்டு. விறகு தந்தவரும் உண்டு. ஒன்றும் தர இயலாதவர் உழைப்பைத் தந்தனர். விருதுபட்டியில் ஒரு பள்ளியைக் காத்த பிடி அரிசி, இப்போது ஒரு மாநிலத்தின் பள்ளிகளைக் காக்கப் புறப்பட்டது போல அது தோன்றியது.

1956ஆம் ஆண்டில் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைக் காமராசர் தொடங்கி வைத்தார். அங்கு அவர் ஆற்றிய உரை புகழ்பெற்றது. எல்லாருக்கும் கல்விக்கண்ணைத் திறப்பதை விட முதன்மையான வேலை தமக்கு வேறில்லை என்றும், அதற்காக மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஊர் ஊராகச் சென்று பிச்சை எடுக்கவும் தாம் அணியமாக இருப்பதாகவும் அவர் கூறினார். ஒரு மாநிலத்தின் முதலமைச்சர், குழந்தைகளின் சோற்றுக்காகக் கையேந்த நாணவில்லை.

மக்கள் காட்டிய ஆர்வத்தைக் கண்டபின் அரசும் செலவில் பங்கேற்றது. அப்போது புதிதாக நடைமுறைக்கு வந்திருந்த காசுக் கணக்கில், ஒரு குழந்தையின் ஒருவேளை உணவுக்கு 10 காசு என்று கணக்கிடப்பட்டது. அதில் 6 காசை அரசு தந்தது. 4 காசை ஊரார் ஏற்றனர். 60 குழந்தைகள் உண்ணும் பள்ளிக்கு நாளொன்றுக்கு 6 ரூபாய் செலவானால், அரசு 3 ரூபாய் 60 காசும், ஊர் 2 ரூபாய் 40 காசும் அளித்தன. கணக்குச் சிறிதுதான். ஆனால் அரசு தனித்துச் செய்ய இயலாததையும், ஊர் தனித்துச் செய்ய இயலாததையும் இருவரும் சேர்ந்து செய்ய முடிந்தது.

1957-58ஆம் ஆண்டில் 8000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் மதிய உணவு உண்டனர். 1960களின் முற்பகுதியில் அந்த எண்ணிக்கை 10 இலட்சத்தைக் கடந்தது. அக்காலத்தில் கேர் என்னும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் பால்மாவு, சமையல் எண்ணெய் முதலியவற்றை வழங்கி உதவியது.

ஒரே வரிசை, ஒரே சோறு

மதிய உணவு பசியை மட்டும் தீர்க்கவில்லை. அந்நாளில் சாதியின் பெயரால் ஒருவர் வீட்டில் மற்றவர் உண்ணாத வழக்கம் ஊர்தோறும் வேரூன்றியிருந்தது. பள்ளியிலோ ஒரே அடுப்பில் சமைத்த சோற்றை, ஒரே வரிசையில் அமர்ந்து, குழந்தைகள் உண்ணத் தொடங்கினர். நெடுங்கால வேற்றுமை ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. ஆயினும் உடன் அமர்ந்து உண்ட தோழனைத் தாழ்ந்தவன் என்று எண்ணுவது அப்பிள்ளைகளுக்குக் கடினமாயிற்று. புத்தகம் கற்பிக்காத பாடம் ஒன்றை உணவு வரிசை கற்பித்தது.

உணவோடு காமராசர் நின்றுவிடவில்லை. உடையின் வழியே ஏழை, செல்வர் என்னும் வேறுபாடு தெரியாதிருக்கச் சீருடைத் திட்டம் வந்தது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தப்பட்டு, ஊர் மக்களிடமிருந்து கட்டடம், இருக்கை, கரும்பலகை, குடிநீர்ப் பானை முதலியவை பள்ளிகளுக்காகத் திரட்டப்பட்டன. பள்ளிக்கல்வியைக் கட்டணமின்றிப் பெறும் வாய்ப்பும் படிப்படியாக விரிந்தது.

எளிய வாழ்வு, பெரிய புகழ்

1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்தார். மூத்த தலைவர்கள் பதவி விலகி மக்கள் பணி ஆற்ற வேண்டும் என்னும் அக்கருத்து காமராசர் திட்டம் எனப் பெயர் பெற்றது. பின்னர் அகில இந்தியக் காங்கிரசின் தலைவராகி, லால் பகதூர் சாத்திரியும் இந்திரா காந்தியும் தலைமை அமைச்சர்களாகத் தேர்ந்தெடுக்கப்படுவதில் பெரும்பங்கு வகித்தார்.

காமராசர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தமக்கெனச் சொத்துச் சேர்க்கவில்லை. சென்னையில் வாடகை வீட்டிலேயே வாழ்ந்தார். அன்னையார் விருதுநகரில் பழைய வீட்டிலேயே எளிமையாக வாழ்ந்தார். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் காமராசர் மறைந்தார். மறுவருடம் இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருதை அளித்துச் சிறப்பித்தது. அவர் பிறந்த நாளைத் தமிழ்நாடு கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறது. மதுரையில் அவர் பெயரால் பல்கலைக்கழகம் உள்ளது. புது தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் மாணவர்கள் அவர் பெயர் தாங்கிய சாலைகளைக் காணலாம்.

நாடெங்கும் பரவிய உணவு

அவர் வளர்த்த திட்டத்தைப் பின்வந்தோர் மேலும் விரிவாக்கினர். 1982ஆம் ஆண்டில் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். பின்னர் முட்டையும் பயறும் உணவில் சேர்ந்தன. 1995ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கான ஊட்டச்சத்துத் திட்டத்தை நாடு தழுவிய அளவில் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சமைத்த உணவே வழங்கப்பட வேண்டும் என்று 2001ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவும் வழங்கத் தொடங்கினர்.

இன்று வங்கத்தில் சோறும் பருப்பும், பஞ்சாபில் ரொட்டியும் இராசுமாவும், கேரளத்தில் சோறும் பயறும் எனப் பல சுவைகளில் பள்ளி உணவு பரிமாறப்படுகிறது. மொழி வேறு, சுவை வேறு; பசி ஒன்றே. ஆறாம் வகுப்போடு படிப்பை இழந்த ஒருவர், தம்மைப் போல் எவரும் வறுமையால் படிப்பை இழக்கக்கூடாது என்று எண்ணினார். அந்த எண்ணம் இன்றும் நாள்தோறும் நண்பகலில் கோடிக்கணக்கான தட்டுகளில் உணவாகிறது.

சொல்லும் பொருளும்

பிணி – நோய்
வானம் பார்த்த பூமி – மழையை மட்டும் நம்பிய நிலம்
உலை – சோறு சமைக்கக் கொதிக்க வைக்கும் நீர்
அணியம் – ஆயத்தம்
கருவூலம் – அரசின் பணம் வைக்கும் இடம்
தொடர்வண்டிக் கடவு – இருப்புப்பாதையைச் சாலை கடக்கும் இடம்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. விருதுநகரின் பழைய பெயர் ________.
2. காமராசர் சிறையில் கழித்த காலம் ஏறத்தாழ ________ ஆண்டுகள்.
3. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பொதுக்கல்வி இயக்குநராக விளங்கியவர் ________.
4. ஒருவேளை உணவுக்கான 10 காசில் ஊரார் ஏற்றது ________ காசு.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. சத்திரிய வித்தியாசாலா பிடி அரிசிப் பள்ளி எனப் பெயர் பெற்றது ஏன்?
2. பள்ளிகள் திறந்த பின்னரும் ஏழைக் குழந்தைகள் வராததற்குக் காரணம் யாது?
3. 1920ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி செய்த முயற்சி யாது?

இ. விரிவாக விடை எழுதுக.

1. மதிய உணவுத் திட்டத்தில் ஊர் மக்களின் பங்கினை விளக்குக.
2. செலவை எண்ணித் தயங்கியவர்களின் கருத்தையும் காமராசரின் கருத்தையும் ஒப்பிட்டு, உம் கருத்தை எழுதுக.

ஈ. கணக்கிட்டுக் கூறுக.

ஒரு பள்ளியில் 150 குழந்தைகள் உண்டனர். ஒருவருக்கு 10 காசு எனில், ஒரு நாளில் அரசும் ஊரும் தனித்தனியே எவ்வளவு அளித்திருக்கும்?

உ. செய்து பார்ப்போம்.

1. நீவிர் வாழும் மாநிலத்தில் அரசுப் பள்ளிகளில் வழங்கப்படும் உணவு வகைகளைக் கேட்டறிந்து, அவற்றின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் பட்டியலிடுக.
2. தாத்தா, பாட்டி அல்லது பெற்றோர் பள்ளியில் படித்த நாளில் நண்பகல் என்ன உண்டனர் என்பதைக் கேட்டுப் பத்துத் தொடர்களில் எழுதுக.